அர்பத்நாட் கவிழ்ந்த கதையும் ஒரு மயிலாப்பூர் வக்கீலும்

எங்க அசோக் நகர் பக்கம் யாராவது புதுசா தொழில் தொடங்கினா அதுக்கு ஒரு வரிசை உண்டு. முதல்ல ஜோசியர், அப்புறம் இடம் காட்டுற புரோக்கர், அப்புறம் போர்டு எழுதுறவர், கடைசியில கணக்குக்கு ஒரு ஆடிட்டர். வக்கீல்? "அது எதுக்கு சார், நாம என்ன கோர்ட்டுக்கா போகப் போறோம்?" ரெண்டு வருஷம் கழிச்சு பார்ட்னரோட முட்டிக்கிட்ட பிறகு, "நல்ல அனுபவமுள்ள பிசினஸ் வக்கீல் யாராவது தெரியுமா?"ன்னு அதே ஆள் கேட்பார். வெள்ளம் வருமுன் அணை போடணும்னு சொன்ன ஊர்தான் இது. ஆனா அணை கட்ட ஆள் தேடுறது என்னவோ வெள்ளம் வடிஞ்ச பிறகுதான்.

இதுல நூறு வருஷமா பெரிசா எதுவும் மாறலை. 1906ல மெட்ராஸே சேர்ந்து இப்படித்தான் முழிச்சது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விளக்கம். அட்டர்னின்னா நமக்கு ஞாபகம் வர்றது 'பவர்' எழுதிக் குடுக்கிறதுதான். அந்தக் கால மெட்ராஸ் ஐகோர்ட்டுல சட்டக்காரர்கள் மூணு ஜாதி. கோட்டு போட்டு வாதாடுற பாரிஸ்டர், இங்கிலாந்து போய் படிச்சவர். காகிதம் தயார் பண்ணி, கட்சிக்காரரைப் பார்த்துப் பேசி, பாரிஸ்டருக்குக் கேஸை எடுத்துக் குடுக்கிற அட்டர்னி. மூணாவது, உள்ளூர்ல படிச்ச வக்கீல். கல்கத்தா, பம்பாய் ஐகோர்ட்டுகள்ல நகர வழக்குகள் விசாரிக்கிற ஒரிஜினல் சைடு, பாரிஸ்டரும் அட்டர்னியும் மட்டும் இருக்கிற கோட்டையா ரொம்ப நாள் இருந்தது. மெட்ராஸ்ல அந்தக் கதவு 19ஆம் நூற்றாண்டிலேயே வக்கீல்களுக்குத் திறந்துடுச்சு. அதனால இங்க ஒரு நல்ல வக்கீல் காகிதமும் எழுதுவார், வாதமும் பண்ணுவார். வியாபாரிகளுக்கு இது பெரிய வசதி.

அப்படி வளர்ந்தவர்களில் ஒருவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். 1863ல் தஞ்சாவூர் ஜில்லா திருவிடைமருதூரில் பிறந்து, மெட்ராஸ் வந்து சட்டம் படிச்சு, மயிலாப்பூர்ல நிலைச்சவர். 1891ல் மயிலாப்பூர் வக்கீல்கள் சேர்ந்து தொடங்கின 'மெட்ராஸ் லா ஜர்னல்' பத்திரிகையிலும் அவர் பங்கு உண்டு. அரசியல்ல மிதவாதி. அப்படியிருந்தும் எதிர் முகாம்ல இருந்த பாரதியோட பாட்டுகளைக் கேட்டு உருகிப்போய், சொந்தச் செலவுல அச்சடிச்சு இலவசமா விநியோகிக்க வெச்சவரும் இவர்தான். அந்தக் கதை தனிப் பதிவுக்கு உரியது :-)

இப்போ அர்பத்நாட். அன்னிக்கு மெட்ராஸ்ல வெள்ளைக்காரக் கம்பெனின்னா மூணு பேர்: பாரி, பின்னி, அர்பத்நாட். பாரி இன்னும் பஸ் ஸ்டாப் பேராவாவது இருக்கு. பின்னி மில்லைத் தெரியாத வடசென்னைக்காரர் கிடையாது. அர்பத்நாட்டைத்தான் நாம சுத்தமா மறந்துட்டோம். ஆனா 1810ல் தொடங்கின அந்தக் கம்பெனிதான் மூணுலயும் உறுதியானதுன்னு ஊரே நம்பினது. வியாபாரத்தோட வங்கியும் நடத்தினாங்க. வட்டிக்கு டெபாசிட் வாங்கினாங்க. பென்ஷன் வாங்கினவங்க, வக்கீல்கள், ஜமீன்தார்கள், செட்டியார்கள் எல்லாரும் அங்க பணம் போட்டாங்க. தலைமையில் இருந்தவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட். 'சர்' பட்டம், கவர்னர் வட்டாரத்துல மரியாதை. இதைவிட என்ன ஜாமீன் வேணும்?

1906 அக்டோபர் 20, சனிக்கிழமை. லண்டன்ல இவங்களோட தொழில் கூட்டாளியா இருந்த மக்ஃபாடியன் ரயிலில் விழுந்து செத்தார். 22ஆம் தேதி திங்கட்கிழமை மெட்ராஸ்ல அர்பத்நாட் கதவைச் சாத்தினது. அதோட நிக்கலை. பின்னியும் ஆடிப்போய் கடைசியில கை மாறினது.

டெபாசிட் போட்டவங்க அன்னிக்குத்தான் முதல் முறையா ஒரு கேள்வி கேட்டாங்க: நாம பணம் குடுத்தது யாருக்கு?

பதில் கசப்பானது. அர்பத்நாட் லிமிடெட் கம்பெனி இல்லை. சில பேர் சேர்ந்து நடத்தின கூட்டு வியாபாரம். அப்போ பார்ட்னர்ஷிப்புக்குத் தனிச் சட்டம்கூட கிடையாது, 1872ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்துல ஒரு அத்தியாயம், அவ்வளவுதான். தனிச் சட்டம் வந்தது 1932ல். பார்ட்னர்களுக்குப் பொறுப்பு அளவில்லாதது, அதாவது கம்பெனி கடனுக்கு அவங்க சொந்த வீடு வாசல் வரைக்கும் பதில் சொல்லணும். கேட்க ரொம்ப பலமா இருக்கும். ஆனா அந்தப் பலமெல்லாம் பார்ட்னர்கிட்ட பணம் இருக்கிற வரைக்கும்தான். அவரே திவாலானா அளவில்லாத பொறுப்புக்கு மதிப்பு பூஜ்யம். வரவு செலவை ஊருக்குக் காட்டணும்கிற கட்டாயமும் கிடையாது. உள்ளே என்ன நடக்குதுன்னு வெளியில ஒருத்தருக்கும் தெரியாது. டெபாசிட் போட்டவர் கையில ஒரு ரசீது, அதுக்கு ஈடா எந்தச் சொத்தும் இல்லை.

இதை ஒரு சுமாரான வக்கீல்கூட அரை மணி நேரத்துல சொல்லியிருப்பார். சோகம் என்னன்னா, பணம் போட்டவங்கள்ல வக்கீல்களே நிறைய பேர் இருந்தாங்க! சட்டம் தெரியாம ஏமாறலை. பேரைப் பார்த்துக் கேள்வியை விழுங்கிட்டாங்க.

கடன் கொடுத்தவங்க தரப்புல கிருஷ்ணசாமி ஐயர் இறங்கினார். திவால் வழக்கு ஐகோர்ட்டுக்குப் போச்சு. கையில இருந்த ஆயுதம் 1848ஆம் வருஷத்து திவால் சட்டம், அறுபது வருஷப் பழசு. (மூணு வருஷம் கழிச்சு 1909ல் ராஜதானி நகரங்களுக்குப் புதுத் திவால் சட்டம் வந்தது.) சர் ஜார்ஜ் மேல கிரிமினல் வழக்கும் நடந்து 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைச்சது. ஒரு வெள்ளைக்கார 'சர்' ஜெயிலுக்குப் போறது அன்னிக்கு சாதாரண விஷயம் இல்லை. ஆனா அதனால யார் வீட்டு உலையும் கொதிக்கலை. போட்ட பணத்துல பெரும்பகுதி போனது போனதுதான். எவ்வளவு பெரிய வக்கீலா இருந்தாலும் இல்லாத பணத்தை வசூல் பண்ண முடியாது.

கிருஷ்ணசாமி ஐயரை நான் மதிக்கிறது இதுக்கு அப்புறம் அவர் செஞ்ச காரியத்துக்காக. கேஸ் முடியட்டும், ஃபீஸ் வரட்டும்னு அவர் உட்காரலை. கப்பல் எங்க ஓட்டையாச்சுன்னு பக்கத்துல நின்னு பார்த்த ஆள், புதுக் கப்பல் கட்டக் கிளம்பினார். நகரத்துப் பெரிய மனுஷங்களையும் நகரத்தார்களையும் கூப்பிட்டுப் பேசி, இந்தியர்களே நடத்துற ஒரு வங்கி வேணும்னு சம்மதிக்க வெச்சார். அதுதான் இந்தியன் பேங்க். 1907 மார்ச் 5ல் பதிவாகி, ஆகஸ்ட் 15ல் வேலையைத் தொடங்கினது. ஆமாங்க, சுதந்திரத்துக்கு நாற்பது வருஷம் முன்னாடி அதே தேதி! முதல் இயக்குனர்கள்ல ஒருவர் ராமசாமி செட்டியார், அண்ணாமலை செட்டியாரோட அண்ணன்.

முக்கியமா, இது கூட்டு வியாபாரம் இல்லை, பங்குதாரர்கள் உள்ள லிமிடெட் கம்பெனி. முதல் எவ்வளவு, யார் பங்குதாரர், யார் இயக்குனர் எல்லாம் பதிவுல இருக்கும். பங்கு வாங்கினவருக்கு நஷ்டம் வந்தாலும் பங்குத் தொகையோட நிக்கும். ஒருத்தர் செத்தாலோ ஓடினாலோ கம்பெனி நிக்காது. அர்பத்நாட்டுல இல்லாதது எதுவோ, அதுவெல்லாம் இங்க காகிதத்துல முதல்லயே ஏறினது.

உடனே "அப்போ லிமிடெட்னு போட்டா போதுமா?"ன்னு கேட்காதீங்க. அர்பத்நாட் சாய்றதுக்கு ஆறு நாள் முன்னாடி, 1906 அக்டோபர் 16ல் வ.உ.சி.யோட சுதேசி கப்பல் கம்பெனி பதிவாச்சு. பத்து லட்ச ரூபாய் முதல், 25 ரூபாய் பங்கு 40,000. அவரே வக்கீல், காகிதத்துல குறை சொல்ல முடியாது. ஆனா எதிர்ல பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியோட கட்டணப் போட்டி, பின்னால சர்க்காரோட கோபம். 1908ல் அவரை உள்ளே தள்ளினாங்க, 1911ல் கம்பெனியைக் கலைச்சாங்க. காகிதம் சுவர்தான். பீரங்கி வந்தா சுவர் என்ன பண்ணும்?

இருந்தாலும் நம்மள்ல பெரும்பாலானவங்க பீரங்கியால விழறதில்லை. சுவரே கட்டாம விழறோம். 1990கள்ல சென்னையில தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனி முளைச்சது ஞாபகம் இருக்கா? எங்க ஏரியாவுல ரிட்டையர் ஆன எத்தனையோ பேர் பி.எஃப். பணத்தை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினாங்க. வரிசையா ஷட்டர் இறங்கின பிறகு 1997ல் தமிழ்நாடு அரசு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. 2011ல் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. நல்ல சட்டம்தான். ஆனா 1909 மாதிரியே அதுவும் வெள்ளத்துக்கு அப்புறம் வந்த அணை.

சரி, நல்ல பிசினஸ் வக்கீலை எப்படித் தேடுறது? இந்தியாவுல வக்கீல்கள் விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதி இருக்கு. அதனால பெரிய போர்டைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, அவர்கிட்ட போன வியாபாரிகளைக் கேளுங்க. "ஜெயிச்சா இத்தனை பர்சென்ட்"னு ஃபீஸ் பேசுறவர்கிட்ட இருந்து விலகுங்க, அதுவும் விதிக்கு விரோதம். எத்தனை கேஸ் ஜெயிச்சார்னு கேட்கிறதோட நிறுத்தாம, எத்தனை தகராறு கோர்ட்டுக்குப் போகாம எழுதிக் குடுத்தார்னு கேளுங்க. பார்ட்னர்ஷிப்பா, 2008 சட்டப்படி எல்.எல்.பி.யா, பிரைவேட் லிமிடெட்டா, உங்க தொழிலுக்கு எது ஏன்னு புரியுற தமிழ்ல சொல்றாரான்னு பாருங்க. முக்கியமா, கம்பெனி மூழ்கிப் பார்த்தவரா இருந்தா விடாதீங்க. ஓட்டை எங்க விழும்னு அவருக்குத்தான் தெரியும்.

கிருஷ்ணசாமி ஐயர் 1909ல் ஐகோர்ட் நீதிபதியானார், 1911ல் கவர்னரோட நிர்வாக சபை உறுப்பினர். அதே வருஷம் டிசம்பர்ல, ஐம்பது வயசுகூட ஆகாம, காலமாயிட்டார். அவர் வாதாடின கேஸெல்லாம் பழைய சட்டப் புஸ்தகங்கள்ல தூங்குது. அவர் எழுத வெச்ச கம்பெனியில 1969ல் தேசியமயம் வந்தது, 2020ல் அலகாபாத் பேங்க்கே வந்து இதுல கரைஞ்சது. அது இன்னும் காலையில கதவைத் திறக்குது.