விர்ட்டூஸ் வாங்கப் போறீங்களா... 1.0 லிட்டரா, 1.5 லிட்டரா?

ஃபோக்ஸ்வாகன் விர்ட்டூஸில் இரண்டு டர்போ பெட்ரோல் இன்ஜின்கள். 1.0 லிட்டரில் 3 சிலிண்டர், 115 பிஎஸ் பவர், 178 என்எம் டார்க். 1.5 லிட்டரில் 4 சிலிண்டர், 150 பிஎஸ், 250 என்எம்.

சிட்டிக்கு 1.0: தினமும் ஆபீஸ், சிக்னல், டிராஃபிக்தான்னா இதுவே தாராளம். விலையும் குறைவு. இதன் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக், ஊர்ந்து போகும் டிராஃபிக்குக்கு செட் ஆகும்.

ஹைவேக்கு 1.5: அடிக்கடி குடும்பத்தோட, லக்கேஜோட ஊருக்குப் போறீங்களா? லாரியை ஓவர்டேக் பண்ணும்போது அந்தக் கூடுதல் டார்க்தான் பாதுகாப்பு. நிதானமா ஓட்டினா இரண்டு சிலிண்டர்கள் தானா ஓய்வெடுத்து பெட்ரோலை மிச்சப்படுத்தும்.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியா போகாதீங்க. வீட்டுல எல்லாரையும் ஏத்தி, ஏசி போட்டு, மேம்பாலம் ஏறிப் பாருங்க. 1.0 திணறலைன்னா, மாசாமாசம் கூடுதல் இஎம்ஐ எதுக்கு?