இரண்டு எல்லை ரூட்டர்கள்: டிஸ்டன்ஸா, டேக்கா?

ஒரு நிறுவனத்துக்கு நாகர்கோவில், தோவாளை, கன்னியாகுமரியில் ஓஎஸ்பிஎஃப்பும், மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் பழைய ரிப்பும் என இரு ரூட்டிங் நெறிமுறைகள் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் இணைக்க எல்லையில் ஒரு ரூட்டர் போதும். ஆனாலும் மழையில் ஒரு கேபிள் அறுந்தால் மேற்குப் பகுதி மொத்தமும் துண்டிக்கப்படுமே என்று தக்கலையில் ஒன்று, குளச்சலில் ஒன்று என இரண்டு வைப்பார்கள். இரண்டிலும் இருபுறமும் ரீடிஸ்ட்ரிபியூஷன், அதாவது ஒன்றில் கற்ற வழிகளை மற்றதில் அறிவிப்பது, நடக்கும். வினை அந்த இரண்டாவது ரூட்டரில்தான் தொடங்குகிறது.

களியக்காவிளைக்குப் போகும் வழியை ரிப்பில் கற்ற தக்கலை, அதை ஓஎஸ்பிஎஃப்புக்குள் சொல்கிறது. குளச்சலுக்கு அதே வழி இரு பக்கமிருந்தும் வந்து சேரும். சிஸ்கோ ரூட்டர்களில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் ரிப்புக்கு 120, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. குறைந்த எண்ணுக்கே மதிப்பு. ஆகவே குளச்சல் ஓஎஸ்பிஎஃப் சொன்னதை ஏற்று, அதையே ரிப்புக்குள் மெட்ரிக் 1 என்று திருப்பி விடுகிறது. நேர்வழிக்கு 4 என்று வைத்திருந்த மார்த்தாண்டம், குளச்சல் வழியாக 2 என்று கண்டதும் அங்கே திரும்பிவிடும். மார்த்தாண்டம், குளச்சல், நாகர்கோவில், தக்கலை, மறுபடி மார்த்தாண்டம் என்று டிடிஎல் தீரும்வரை பாக்கெட் சுற்றும்.

பேச்சிப்பாறைத் தண்ணீர் அனந்தனாறு, தோவாளைக் கால்வாய் என்று எப்படிப் பிரிந்தாலும் அணைக்குத் திரும்பி ஏறாது; நிலத்தின் வாட்டம் விடாது. ரிப்புக்கு அந்த வாட்டம் ஹாப் எண்ணிக்கை. 16 ஆனால் வழி செத்ததாகப் பொருள். எல்லை தாண்டும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை அழிந்து 1-இலிருந்து தொடங்குவதால் அந்த 16 வரவே வராது.

பலரும் முதலில் கைவைப்பது டிஸ்டன்ஸில். எல்லை ரூட்டர்கள் இரண்டிலும் ஓஎஸ்பிஎஃப்பின் வெளி வழிகளுக்கு 130 கொடுத்தால் குளச்சல் ரிப்பையே பிடித்துக்கொள்ளும், பாதையும் நேராகும். ஜூனிபர் ரூட்டர்களில் ஓஎஸ்பிஎஃப் உள்வழிக்கு 10, வெளிவழிக்கு 150, ரிப்புக்கு 100 என்று இயல்பிலேயே அமைந்திருப்பதால் இந்தக் குறிப்பிட்ட சுழல் அங்கே எழுவதில்லை. ஆனால் களியக்காவிளை இணைப்பே அறுந்துபோனால்? குளச்சலின் ரிப் வழி மறையும்போது தக்கலையின் பழைய அறிவிப்பு ஓஎஸ்பிஎஃப்பில் இன்னும் மிச்சமிருக்கலாம். குளச்சல் அதை எடுத்து ரிப்புக்குள் விட்டால், தக்கலை அதையே புதுச் செய்தியென்று வாங்கிக்கொள்ளும். இல்லாத ஊருக்கு இருவரும் ஒருவரையொருவர் சாட்சி சொல்லிக்கொண்டிருப்பார்கள். யாரை நம்புவது என்பதை டிஸ்டன்ஸ் தீர்மானிக்கிறது. சொன்னது யாருடைய சொல் என்பது அதற்குத் தெரியாது.

வழியோடு ஒட்டி அனுப்பும் டேக்குக்கு அது தெரியும். ரிப்பிலிருந்து ஓஎஸ்பிஎஃப்புக்குள் போகும் வழிகளுக்கு 120 என்று முத்திரை குத்தி, முத்திரை உள்ளவை ரிப்புக்குள் திரும்பாதபடி இரண்டு ரூட்டர்களிலும் ரூட் மேப்பில் தடுக்க வேண்டும். எதிர்த்திசைக்கு வேறோர் எண். இணையத்தின் பிஜிபியும், வழி எங்கிருந்து வந்தது என்ற இதே நினைவை நம்பித்தான் நிற்கிறது: வழியின் ஏஎஸ் பட்டியலில் தன் எண்ணைக் கண்டால் ரூட்டர் அதை நிராகரிக்கிறது. டேக்குக்கு ரிப்பின் இரண்டாம் பதிப்பு வேண்டும். 1988-இல் வெளியான முதல் வரையறையில் அதற்கு இடமில்லை. ரிப் டேக் 16 பிட், ஓஎஸ்பிஎஃப் டேக் 32 பிட் என்பதால் எண் 65,535-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

டேக் மட்டும் போட்டால் குளச்சல் சுற்றுவழியில்தான் களியக்காவிளைக்குப் போகும். அது தாமதம்; சுழலோ துண்டிப்பு. அதனால் டேக்கை முதலில் போட்டுவிட்டு, பாதையை நேராக்க டிஸ்டன்ஸைப் பிறகு மாற்றுவதே என் தேர்வு. பயன்பாட்டுக்கு விடுமுன் களியக்காவிளை இன்டர்ஃபேஸை நிறுத்தி, தக்கலை, குளச்சல் இரண்டின் ரூட்டிங் டேபிளிலிருந்தும் அந்த வழி அடியோடு போய்விடுகிறதா என்று பார்க்க வேண்டும்.