மிளாக் கொம்பும் ஷெஃபீல்டுக் கத்தியும்

பென்சில் சீவவும் மாங்காய் நறுக்கவும் சட்டைப் பையில் மடக்கி வைத்துக்கொள்ளும் சிறு கத்தியை நம்மவர் இன்றளவும் பேனாக்கத்தி என்றே வழங்குகின்றனர். பறவையின் இறகைச் சீவி, நுனியைப் பிளந்து, மையில் தோய்த்து எழுதிய காலத்தில் அந்தக் காரியத்துக்கென்றே செய்யப்பட்ட கருவிக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர், கத்தியோடு கூடவே கப்பலேறி வந்து, இறகுப் பேனா மறைந்து பல தலைமுறைகள் கழிந்த பின்னும் நம் நாவில் நிலைத்துவிட்டது. கத்தி அங்கிருந்து இங்கு வந்த கதையை அறிந்தவர்களிலும், அதன் பிடியில் பதிந்த மான்கொம்பு இங்கிருந்து அங்கு போன கதையை அறிந்தவர் சிலரே.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலே ஐந்து ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்த ஷெஃபீல்டு நகரம், சாணைச் சக்கரங்களைச் சுழற்ற நீரோட்டமும் அரைகல்லுக்கேற்ற பாறையும் வாய்த்தமையால், பதினான்காம் நூற்றாண்டிலேயே சாஸரின் காவியத்தில் இடம்பெறும் அளவுக்குக் கத்தியால் பெயர்பெற்றிருந்தது. 1624இல் பார்லிமெண்டுச் சட்டத்தின் வாயிலாக அங்கே கத்தித் தொழிலாளர் சங்கம் ஸ்தாபிதமாகி, ஒவ்வொரு கைவினைஞனின் முத்திரையையும் பதிவு செய்யத் தொடங்கிற்று; 1740களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் மூசையில் உருக்கிய எஃகைக் கண்டபின் அத்தொழில் உன்னத நிலையை எய்தியது. மூசையில் எஃகு செய்யும் வித்தை தென்னிந்தியாவில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நடைமுறையில் இருந்தது என்பதை இங்கே நினைவுகூர்வது தகும். வாடகைக்கு எடுத்த சிறு அறையில் தனியே உழைத்த கைவினைஞர்களாலேயே அவ்வூர் வாழ்ந்தது. சாணைக்கல்லின் தூசியைச் சுவாசித்து நடுவயதுக்குள் நுரையீரல் கெட்டு மாண்ட சாணைக்காரர்கள் அநேகர். அழகிய பழங்கத்தி ஒன்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவர்களை நினையாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

அந்தக் கத்திகளின் பிடிக்கு யானைத் தந்தமும் முத்துச் சிப்பியும் எருமைக் கொம்பும் பயன்பட்டபோதிலும், உழவனும் வேட்டைக்காரனும் விரும்பியது மான்கொம்பையே. அதிலும், ஐரோப்பிய மானின் கொம்பைவிடக் கனமும் திண்மையும் மிகுந்து, நடுவே பஞ்சுபோன்ற பகுதி குறைந்திருக்கும் இந்தியக் கடமானின் கொம்பு, அதாவது நெல்லை, குமரிப் பக்கத்தார் மிளா என்று சொல்லும் அந்தப் பெருமானின் கொம்பு, மிகச் சிறந்ததாக மதிக்கப்பட்டது. மாட்டின் கொம்பைப் போலன்றி மானின் கொம்பு எலும்பேயாகும். அது உதிர்ந்து மீண்டும் முளைப்பது. காட்டில் உதிர்ந்து கிடந்த கொம்புகள் பொறுக்கப்பட்டு, மூட்டைகளாகத் துறைமுகம் சேர்ந்து, டன் கணக்கில் ஷெஃபீல்டை அடைந்தன. அங்கே அவற்றை நீளவாக்கில் அறுத்து, சூடேற்றி அழுத்தி வளைவை நிமிர்த்தி, மேற்பட்டையின் கரடுமுரடு கெடாதபடி உட்புறத்தை மட்டும் தேய்த்துத் தகட்டோடு ஆணியால் தறைந்தனர்.

பழங்கத்தியின் உண்மையைச் சோதிக்கப் புகுவோர் பெரும்பாலும் முதலில் பெயரையே பார்க்கின்றனர். அதில் தவறில்லை. ஜோசப் ராஜர்ஸ் கம்பெனிக்கு 1764இல் உரித்தான நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் உலகெங்கும் நம்பிக்கையின் அடையாளமாயின. அலகின் அடியில் கிரீடத்தோடு விக்டோரியா மகாராணியின் பெயரெழுத்துக்கள் காணப்படுமாயின், அது 1901க்கு முற்பட்டது என்று சாதாரணமாகக் கொள்ளலாம். இறக்குமதிப் பொருள்கள் பிறந்த நாட்டின் பெயரைத் தாங்கவேண்டுமென்று அமெரிக்கா 1890இல் விதித்த சட்டத்துக்குப் பின்னரே இங்கிலாந்தின் பெயர் அலகுகளில் பரவலாகப் பொறிக்கப்பட்டது. ஆயினும் அமெரிக்காவுக்கு அனுப்பாத கத்தியில் அப்பெயர் இல்லாமலிருப்பதும் உண்டாதலால், இதை மட்டும் கொண்டு காலத்தை முடிவு செய்தலாகாது. துருப்பிடிக்காத எஃகு என்று அலகிலே பொறித்திருந்து, விற்பவர் அதை விக்டோரியா காலத்தது என்பாராயின், அவ்வகை எஃகை ஹாரி பிரேர்லி ஷெஃபீல்டில் உருவாக்கியது 1913இல் என்பதை நினைத்துக் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் பெயர் பொய் சொல்லக்கூடியது. ஷெஃபீல்டின் பெயரைப் பிற நாட்டுச் சரக்கில் பொறித்து விற்ற மோசடி பெருகியமையாலன்றோ 1887இல் வணிக முத்திரைச் சட்டமே இயற்றப்பட்டது! பழைய முத்திரை, பதமிடுமுன் உளியால் அறையப்பட்டமையால் ஆழமாக இறங்கி, ஓரங்கள் தேய்ந்து மழுங்கியிருக்கும். பின்னாளில் அமிலத்தால் அரித்த எழுத்தோ மேலோடு கோடிட்டதுபோல் ஆழமின்றி நிற்கும்.

கொம்பு அத்தனை எளிதில் பொய் சொல்வதில்லை. இதை நான் நஷ்டப்பட்டே கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பழம்பொருள் கடையில், மான்கொம்புப் பிடி என்று சொல்லப்பட்ட கத்தியொன்றை அதிக விலை கொடுத்து வாங்கி வந்து, இரவு விளக்கடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, இடப்பக்கத்தில் பூணை ஒட்டிக் கிளைத்த ஒரு வரிப்பள்ளம் வலப்பக்கத்திலும் அதே இடத்தில் அதே வடிவில் கிளைத்திருக்கக் கண்டேன். இயற்கை ஒரே வரியை இருமுறை எழுதுவதில்லை. அது அச்சில் வார்த்த பிசின். மாட்டெலும்பில் இயந்திரத்தால் பள்ளம் வெட்டிச் சாயமேற்றிய போலியோ இன்னும் சாமர்த்தியமானது. அதன் பள்ளங்கள் சீரான இடைவெளியில், குறுக்கும் மறுக்குமாக அமைந்திருக்க, மெய்யான கொம்பின் வரிகள் நீளவாக்கில் ஓடி, இடையிடையே முடிச்சிட்டு, மேட்டில் வெளுத்தும் பள்ளத்தில் பழுப்பேறியும் தோன்றும். தகட்டை ஒட்டிய விளிம்பில் பஞ்சுத்தன்மையின் சிறு துளைகள் தெரிவதும் உண்டு. காய்ச்சிய ஊசியைச் செலுத்திச் சோதிக்கும் பழக்கத்தை நான் விரும்புவதில்லை. மெய்க்கொம்பில் அது வடுவை விடுகிறது, செல்லுலாய்டாக இருந்தாலோ தீப்பற்றிக்கொள்ளும்.

பிறகு ஆணிகள். பழைய பிடியில் அவை கொம்போடு சமமாகத் தேய்ந்து, அதனோடே முதுமையடைந்திருக்கும். ஆணியின் தலை பளபளப்பதும், பூணுக்கும் கொம்புக்கும் இடையே பசை தெரிவதும், பழைய உடலில் புதுப் பிடி ஏறியதற்குச் சாட்சி. அலகைத் தீட்டித் தீட்டி உருவம் குறைந்திருந்தால், நகக்குழி விளிம்பை நெருங்கிவிட்டதிலிருந்தே அதை அறியலாம்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் வந்த தடைகளும் கொம்பு ஏற்றுமதியை நிறுத்தியது நியாயமே. மிளா காட்டில் இருப்பதே அதற்கு அழகு. ஷெஃபீல்டிலும் தொண்ணூறு வயது கடந்த பின்னும் கையாலேயே மடக்குக் கத்தி செய்த ஸ்டான் ஷா 2021இல் காலமானார். என் பாட்டனார் நில அளவை வேலைக்குக் கொண்டுபோன கத்தி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. நடு ஆணியிலிருந்து பூண்வரை மயிரிழைபோல் ஒரு வெடிப்பு ஓடுகிறது. புதுக் கொம்பு பதித்துத் தருவதாகச் சொன்னவரிடம் நான் அதைக் கொடுக்கவில்லை.