நாளத்துக்குள் ஒரு வலை

சைக்கிள் டியூபில் ரப்பர் தேய்ந்த இடம் காற்றின் அழுத்தத்தால் குமிழாகப் புடைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரிலும் இத்தகைய புடைப்பு தோன்றுவதுண்டு. அனியூரிஸம் என்பது அதன் பெயர். வெடிக்கும் வரையில் அது இருப்பதே பெரும்பாலும் தெரிவதில்லை. வெடித்தாலோ உயிருக்கே ஆபத்து. இதனோடு வைத்தியர்கள் நடத்திய போராட்டத்தில் என்னை மிகவும் வியக்கச் செய்த ஒரு திருப்பத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

லிஸ்பன் நகரத்து ஏகாஸ் மோனிஸ், 1927இல், எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய கரைசலைக் கழுத்து நாளத்தில் செலுத்தி, உயிரோடிருப்பவரின் மூளை நாளங்களைப் படம் பிடித்துக் காட்டினார். 1931இல் எடின்பரோவில் நார்மன் டாட், வெடித்த புடைப்பொன்றின்மீது நோயாளியின் தொடைத் தசையையே வைத்துப் போர்த்தினார். 1937இல் பால்டிமோரில் வால்ட்டர் டாண்டி, புடைப்பின் கழுத்தை வெள்ளிக் கவ்வியால் இறுக்கினார். 1990இல் இத்தாலியரான குலியெல்மி, லாஸ் ஏஞ்சல்ஸில், நாளத்தின் வழியாகவே நுண்குழாயைச் செலுத்திப் புடைப்புக்குள் பிளாட்டினச் சுருளை நிரப்பினார். மண்டையைத் திறக்காமலே காரியம் முடிந்தது.

இவர்கள் அனைவரும் புடைப்பையே தாக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆனால் கழுத்து அகன்ற பெரும் புடைப்பில் கவ்வியைப் பொருத்துவது கடினம். சுருளோ வெளியே நழுவி வரும். இங்கேதான் அந்தத் திருப்பம் ஏற்பட்டது. புடைப்பைத் தொடவே வேண்டாம், அதைப் பெற்ற குழாயைச் சீர் செய்வோம் என்று எண்ணினார்கள். 48 மெல்லிய உலோகக் கம்பிகளால் பின்னிய வலைக்குழாய் ஒன்றை, புடைப்பின் வாயைக் கடந்து, நாளத்துக்குள் விரித்து வைத்தார்கள். பெட்ரோ லைலிக் குழுவினர் போனஸ் அயர்ஸில் பெற்ற அனுபவத்தை 2009இல் வெளியிட்டனர். 2011இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கிற்று.

அவ்வலையில் உலோகம் மூடும் பரப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் துவாரம்! அப்படியானால் இரத்தம் எப்படி நிற்கும்? நிற்பதில்லை, நண்பர்களே, அதன் வேகம் தளர்கிறது. வெளிவழியில்லாத புடைப்புக்குள் இரத்தம் தேங்கி உறைகிறது. அருகிலுள்ள கிளை நாளத்துக்கோ வெளிவழி உண்டு. ஆகவே அதே துவாரங்களின் வழியே அதற்கு இரத்தம் பெரும்பாலும் தடையின்றிச் செல்கிறது. நாளடைவில் குழாயின் உட்சவ்வு வலையின்மீது படர்ந்து, புடைப்பின் வாயை மூடிவிடுகிறது. சல்லடையைக் கொண்டு அணை கட்டிய இந்தச் சாமர்த்தியத்தை என்னவென்பது!

ஆயினும் இந்த வேலை ஒரே நாளில் முடிவதன்று. அமெரிக்க அனுமதிக்கு ஆதாரமாயிருந்த ஆராய்ச்சியில், ஆறு மாதத்தில் நூற்றுக்கு 74 புடைப்புகளும், ஓராண்டில் 87உம், ஐந்தாண்டில் 95உம் முற்றிலும் அடைபட்டிருந்தன. காத்திருக்கும் காலத்தில் வலையிலேயே இரத்தம் உறைந்தால் மூளை பாதிக்கப்படும். அதைத் தடுக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் கொடுக்கிறார்கள். அதற்குள் புடைப்பு வெடித்துவிட்டாலோ, அம்மருந்துகளே இரத்தப் பெருக்கை அதிகமாக்கும்! முன்பே வெடித்த புடைப்புக்கு இம்முறையைக் கையாள வைத்தியர்கள் தயங்குவதும் இதனாலேயே. அந்த ஆராய்ச்சியில் 107 பேரில் 6 பேருக்குக் கடும் மூளைத் தாக்கோ மரணமோ நேர்ந்தது. வியப்பில் இதை நாம் மறந்துவிடலாகாது.

பின்னர் வந்த சில வலைகளுக்கு, இரத்தம் எளிதில் உறையாதபடி மேற்பூச்சு இட்டிருக்கிறார்கள். மருந்தைக் குறைக்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆயினும், வலை வைத்துக்கொண்டவர் வீடு திரும்பும்போது, அந்த இரண்டு மாத்திரைகளையும் பல மாதங்களுக்கு எழுதிக் கொடுப்பதே இன்றும் பொதுவான வழக்கம்.