கருங்குன்றங்களுக்கு வழி

ஆற்றுப்படை நூல்களைப் பயின்றோர் ஒன்றை மறந்திருக்க மாட்டார்கள். பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்பட்ட பாணனுக்கு வழி கூறுமிடத்து, இன்ன மலை, இன்ன ஊர், ஆங்குக் கிடைக்கும் உணவு இன்னது என்று சொல்வதோடு நில்லான். அது யாருடைய நாடு என்பதையும் சொல்லியே தீர்வான். இக்காலப் பயணக் கையேடுகளும் ஒருவகையில் ஆற்றுப்படைகளே. ஆயினும் அவற்றுட் பல, யாருடைய நாடு என்ற செய்தியை விட்டுவிடுகின்றன. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், மேற்கு எல்லையை ஒட்டிக் கிடக்கும் பிளாக் ஹில்ஸ் என்னும் கருங்குன்றங்கள் இதற்குத் தக்க சான்று.

படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ளடங்கிய வீட்டு வண்டியில், குடும்பத்தோடு மலைநாடு சுற்றுவது அமெரிக்கரின் கோடைக்கால வழக்கம். ஆர்.வி. என்று இரண்டு எழுத்துகளால் அவ்வண்டியைச் சுட்டுவர். யெல்லோஸ்டோன் பூங்கா 1872-இல் அமைந்தது. அதனுள் மோட்டார் வண்டிகளுக்கு இசைவு கிடைத்தது 1915 ஆகஸ்டில்தான். அதன்பின் சாலையும் பூங்காவும் ஒன்றையொன்று வளர்த்தன. நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1960-இல் இத்தகைய வண்டியொன்றில் நாடு சுற்றப் புறப்பட்டபோது, டான் குவிக்சோட்டின் குதிரையை நினைந்து அதற்கு ரோசினான்டே என்று பெயரிட்டார். வண்டிக்குப் பெயரிட்ட கதை நகைப்புக்குரியது. மலைகளுக்குப் பெயரிட்ட கதை அத்தகையதன்று.

கருங்குன்றங்களுக்குப் பெரிய வண்டியில் வருபவர் முதலில் அறிய வேண்டியது குகைவழிகளின் அளவை. நீடில்ஸ் நெடுஞ்சாலையில் ஊசிக்கண் என்று பெயர்பெற்ற குகைவழியின் அகலம் ஏறத்தாழ 8 அடியே. வீட்டு வண்டிகளிற் பெரியவை எட்டரை அடி அகலம் உடையன. வண்டியை முகாமில் நிறுத்திவிட்டுச் சிறிய காரில் செல்வதே தக்கது. இச்சாலைகளை அமைப்பித்தவர் பீட்டர் நார்பெக். மாநில ஆளுநராகவும் பின்னர் செனட்டராகவும் விளங்கியவர். நடந்தும் குதிரையேறியும் வழி வகுத்தவர். அயர்ன் மவுண்டன் சாலையில் உள்ள குகைவழிகள், ரஷ்மோர் மலைமுகங்கள் சட்டமிட்ட ஓவியம்போல் தோன்றுமாறு திசை பார்த்துக் குடையப்பட்டவை. பயணி எதைக் காண வேண்டும் என்பது அவன் புறப்படுமுன்னரே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. அந்தச் சட்டத்துக்கு அப்பால் இருப்பதைச் சிறிது காண்போம்.

லக்கோட்டா மக்கள் இக்குன்றங்களைப் பாஹா சாபா என்பர். 1868-இல் லாரமி கோட்டையில் எழுந்த உடன்படிக்கை, குன்றங்கள் உள்ளிட்ட பெருநிலத்தை அவர்களுக்கே உரியதாக ஒதுக்கியது. அதில் ஒரு பகுதியை அரசு பெற விழைந்தாலும், வயதுவந்த ஆடவருள் நான்கில் மூன்று பங்கினரின் கையொப்பம் வேண்டும் என்றும் விதித்தது. ஆறே ஆண்டுகள் கழிந்தன. 1874 கோடையில் படைத்தலைவர் கஸ்டர் ஏறத்தாழ ஆயிரம் பேரோடும் நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகளோடும் குன்றங்களுக்குள் புகுந்தார். இன்றைய வீட்டு வண்டிகளுக்கு அவையே முன்னோடி என்றால் மிகையாகலாம். எனக்கு அவ்வாறு சொல்லத் தோன்றுகிறது. பொன் உண்டு என்ற செய்தி பரவிற்று; சுரங்கம் தோண்டுவோர் திரண்டனர். 1876-இல் நிகழ்ந்த போரில் கஸ்டர் மாண்டார். நிலத்தை விட்டுக்கொடுக்காவிடில் உணவுப்படி இல்லை என்று அரசு அறிவித்தது. பத்தில் ஒரு பங்கினரே கையொப்பமிட்டனர். அதனைப் போதும் என்று கொண்டு, 1877-இல் சட்டமியற்றி நிலத்தை எடுத்துக்கொண்டனர்.

இன்று ரஷ்மோர் எனப்படும் பாறைமலைக்கு லக்கோட்டா மரபில் வழங்கும் பெயர் ஆறு பாட்டனார் எனப் பொருள்படும். சார்லஸ் ரஷ்மோர் என்பவர் நியூயார்க் வழக்கறிஞர். சுரங்க உரிமை ஆவணங்களைச் சரிபார்க்க 1885-இல் வந்தவர். மலையின் பெயர் என்ன என்று அவர் வினவ, உடன் இருந்தோர் அவர் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டனர். 1923-இல் மாநில வரலாற்றாளர் டோன் ராபின்சன், பயணிகளை ஈர்க்கப் பாறையில் உருவங்கள் செதுக்கலாம் என்றார். அவர் எண்ணிய மேற்குநாட்டு வீரர் வரிசையில் லக்கோட்டா தலைவர் ரெட் கிளவுடுக்கும் இடமிருந்தது. சிற்பி கட்சன் போர்க்லம் அதை நான்கு குடியரசுத் தலைவர்களாக மாற்றினார். 1927 முதல் 1941 வரை ஏறத்தாழ 400 பேர் உழைத்தனர். ஒவ்வொரு முகமும் 60 அடி உயரம்.

1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லக்கோட்டா தரப்புக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது; நிலத்தின் பழைய மதிப்பும் வட்டியுமாகப் பத்துக் கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை ஈடாக விதிக்கப்பட்டது. லக்கோட்டா மக்கள் அதை ஏற்க மறுத்தனர். குன்றங்கள் விற்பனைக்கு உரியன அல்ல என்பதே அவர்தம் நிலைப்பாடு. தொடப்படாத அத்தொகை வளர்ந்து நூறு கோடி டாலரைக் கடந்துவிட்டது. மறுத்தவர்கள் செல்வர் அல்லர். அவர்கள் வாழும் பைன் ரிட்ஜ், அந்நாட்டின் மிக வறிய பகுதிகளுள் ஒன்று. பணத்தை வாங்கியிருக்கலாமே என்று கேட்பது எளிது. அவ்வாறு கேட்க எனக்கு நா எழவில்லை.

கவிஞர்கள் காண வேண்டியது 7,242 அடி உயரமுள்ள சிகரம். நெடுங்காலம் அது ஹார்னி என்ற படைத்தலைவரின் பெயரைத் தாங்கியிருந்தது. 1855-இல் லக்கோட்டா குடியிருப்பைத் தாக்கியவர் அவர். பெண்டிரும் பிள்ளைகளும் அத்தாக்குதலில் மடிந்தனர். பிளாக் எல்க் என்ற லக்கோட்டா முதியவர், தம் ஒன்பதாம் வயதில் கண்ட பெருங்காட்சியில் தாம் நின்றது இச்சிகரத்தில்தான் என்று கருதினார். 1931-இல் ஜான் நைஹார்ட் என்ற கவிஞர் அவரை நாடிச் சென்று கதை கேட்டார். முதியவர் தம் மொழியில் உரைக்க, அவர் மகன் ஆங்கிலத்தில் பெயர்க்க, கவிஞரின் மகள் சுருக்கெழுத்தில் குறித்தாள். பின்னர் இருவரும் சிகரத்தின்மேல் ஒருசேர நின்றனர். மறு ஆண்டு நூல் வெளிவந்தபோது வாங்குவார் மிகுதியாக இல்லை. 1960-களில்தான் உலகம் அதனைக் கண்டுகொண்டது. அந்நூலில் முதியவர் சொல் எது, கவிஞர் சொல் எது என்று அறிஞர்கள் இன்னும் பிரித்துப் பார்க்கின்றனர். சிகரம் 2016 முதல் பிளாக் எல்க் பெயரால் வழங்குகிறது.

இங்கிருந்து வடமேற்கே வயோமிங் மாநிலத்தில், 867 அடி உயர்ந்து நிற்கிறது ஒற்றைப் பாறைத்தூண். தியோடர் ரூஸ்வெல்ட் 1906-இல் அதனை அமெரிக்காவின் முதல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். வரைபடத்தில் அதன் பெயர் சாத்தான் கோபுரம். லக்கோட்டா வழக்கில் கரடியின் இல்லம். ஜூன் மாதம் அங்குச் சடங்குகள் நிகழ்வதால், அம்மாதத்தில் பாறை ஏறுவதைத் தாமாகவே தவிர்க்குமாறு பூங்கா நிருவாகம் 1990-களின் நடுவிலிருந்து வேண்டி வருகிறது. பயண நாளைக் குறிப்போர் இதனையும் கருத வேண்டும். கோபுரத்தைச் சுற்றிவரும் பாதையில், மரக்கிளைகளில் வண்ணத் துணிகள் கட்டப்பட்டிருக்கும். அவை வேண்டுதல்கள், தொட வேண்டா என்று அறிவிப்புப் பலகை கேட்டுக்கொள்கிறது. ஜூனில் பலர் ஏறுவதில்லை. சிலர் ஏறத்தான் செய்கின்றனர்.