கொம்பன் சுறாவின் தலை

சுறாப்புட்டுக்கென்று சந்தையில் வாங்கும் துண்டில் தலை இராது. ஆதலால் ஈப்போவைச் சுற்றியுள்ள தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் கொம்பன் சுறாவைப் படத்தில்தான் காண்கின்றனர். நம்மவர் அதன் தலையில் கொம்பைக் கண்டனர். மலாய்க்காரர் சுத்தியலைக் கண்டு ‘யூ தூக்குல்’ என்றனர். எனக்கோ, காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளிக்குப் பதிலாகக் கண்கள் இருப்பதாகத் தோன்றும். இத்தகைய தலையால் அதற்கு யாது பயன்?

18ஆம் நூற்றாண்டில் மீன்களைப் பற்றிப் பெருநூல் இயற்றியவர் பெர்லின் மருத்துவர் பிளாக். தரங்கம்பாடிப் பாதிரியார் யோன் அனுப்பிய மீன்களும் அவர் கைக்குச் சென்றன. 1816இல் பிரெஞ்சு அறிஞர் குவியே, கொம்பன் சுறாக்களுள் ஒன்றுக்குப் பிளாக்கின் பெயரைச் சூட்டினார். நம் மலேசியக் கடலிலும் வாழும் அவ்வினத்தின் தலையகலம் உடல் நீளத்தில் ஏறக்குறையப் பாதி!

தலை இறக்கைபோல் நின்று உடலை மேலே தூக்குகிறது என்பது நெடுநாளைய கருத்து. பார்வைக்குப் பொருத்தமாய் இருந்ததே அதன் பலம் என்பேன். 2020இல் கணினியால் நீரோட்டத்தைக் கணித்தவர்கள், நேராக நீந்துகையில் அத்தூக்குவிசை அற்பம், நீரின் தடையே மிகுதி என்று கண்டனர். அத்தடையை ஈடுசெய்யும் ஆதாயம் வேறெங்கோ இருத்தல் வேண்டும்.

ஒன்று கண். இத்தனை விலகிய கண்களால் முன்னே பார்க்க இயலாது என்று எண்ணியோரும் உண்டு. 2009இல் அளந்தபோது, கூர்மூக்குச் சுறாக்களில் இரு கண் பார்வையும் ஒன்றுசேரும் பரப்பு 10 பாகை அளவே. குவியே பெயரிட்ட இனத்திலோ 48 பாகை. தூரத்தை மதிப்பிட இது பேருதவி.

மற்றொன்று மின்னுணர்வு. சுறாவின் முகத்திலுள்ள நுண்துளைகளை 1678இல் இத்தாலியரான லொரென்சினி விவரித்தார். அவை இரையின் உடலிலிருந்து எழும் மின்சாரத்தை உணர்பவை என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. 2002இல் கொம்பனையும் சாதாரணச் சுறாவையும் ஒப்பிட்டனர். உணரும் நுட்பம் இரண்டிற்கும் ஒன்றே; ஆனால் ஒரே வீச்சில் கொம்பன் துழாவிய தரை அதிகம். மணலில் புதைந்த திருக்கைக்குத் தப்ப வழியேது!

சிறு தலையே படிப்படியாக அகன்றது என்ற எண்ணத்தையும் 2010இல் வெளிவந்த மரபணு ஆய்வு தலைகீழாக்கிற்று. முதலில் தனிக்கிளையாகப் பிரிந்தது நம் கடலின் அகன்ற தலைக்காரனே. அமெரிக்கக் கரையின் சிறுதலை இனம் பிற்பட்டது.

2019இல் மலேசிய அரசு இவ்வினத்தைப் பாதுகாக்கப்பட்ட மீன்களின் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் வேறு மீனுக்கு விரித்த வலையில் அந்த அகன்ற தலை எளிதில் மாட்டிக்கொள்கிறது. கொம்பன் சுறாக்கள் பிடிபட்டால் விரைவில் மாள்பவை. அவிழ்த்து விடுமுன் பெரும்பாலும் உயிர் போய்விடுகிறது.