தோட்ட மருத்துவமும் நோயாளர் உரிமையும்: ஒரு சட்ட வரலாற்று நோக்கு

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கை அடுத்த கியா பார்ம் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களில் தமிழர் நெடுங்காலம் உழைத்துள்ளனர். நோயுற்றபோது அவர்கள் பெற்ற மருத்துவம் எச்சட்டத்தின் அடிப்படையில் அமைந்தது என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

ஜே. ஏ. ரசல் 1929ஆம் ஆண்டில் இம்மலையில் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் பகாங், கூட்டு மலாய் மாநிலங்களுள் ஒன்றாக இருந்தது. எனவே, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு இங்கும் நடைமுறையில் இருந்தது. தொழிலாளர்க்குரிய மருத்துவ வசதியை முதலாளியின் பொறுப்பாக அச்சட்டம் ஆக்கியது. இதனைக் கருணையின் விளைவாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. மலேரியாவால் தோட்டங்களில் நேர்ந்த சாவுகள் உழைப்பாளர் தொகையைக் குறைத்தன. 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்வழி இந்திய அரசாங்கமும் தொழிலாளர் நிலையைக் கண்காணிக்கத் தொடங்கியது. உழைப்பைக் காக்கவே உடல் காக்கப்பட்டது எனலாம்.

தோட்ட மருத்துவமனையில் தொழிலாளர் நாள்தோறும் கண்டவர் மருத்துவர் அல்லர். 'டிரெசர்' என அவர்கள் அழைத்த மருத்துவ உதவியாளரே. இத்தகையோரைப் பதிவுசெய்வதற்கெனத் தனிச்சட்டம் 1965ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1990ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம், வீடு, குழந்தைக் காப்பகம், மருத்துவம் ஆகியவற்றை ஒருங்கே முதலாளியின் கடமையாக்கியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி அதன் வீட்டுவசதி விதிகள் தோட்டத்திற்கு வெளியேயுள்ள தொழில்களுக்கும் விரிவடைந்தன.

இச்சட்டங்கள் அனைத்திலும் ஒரு பொதுக்கூற்றைக் காண்கிறோம். மருத்துவம் முதலாளியின் கடமையாகக் கூறப்படுகின்றதே தவிர, நோயாளியின் உரிமையாகக் கூறப்படவில்லை. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பிலும் நலவாழ்வுரிமை வெளிப்படையாக இடம்பெறவில்லை. இந்தியாவிலோ, 1996ஆம் ஆண்டில் மேற்கு வங்காள வேளாண் தொழிலாளர் சங்க வழக்கில், அவசர மருத்துவம் மறுக்கப்படுவது உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலேசியாவில் 1998ஆம் ஆண்டுத் தனியார் நலப்பராமரிப்புச் சட்டம் நோயாளி முறையிடுவதற்கு வழிவகுத்ததாயினும், அது தனியார் நிலையங்களையே சாரும்.

கடமைக்கும் உரிமைக்கும் உள்ள இவ்வேறுபாடு வெறும் சொல் வேறுபாடன்று. வேலையை ஒட்டி வந்த மருத்துவம் வேலையோடு நீங்கும். ஓய்வுபெற்ற தொழிலாளி தோட்ட வீட்டை விட்டு வெளியேறும்போது தோட்ட மருத்துவத்தையும் இழக்கிறார். குடிமகனாயின் தானா ராத்தா அரசு மருத்துவமனையில் குறைந்த கட்டணத்தில் மருத்துவம் பெறலாம். இன்று தேயிலை பறிக்கும் அயல்நாட்டுத் தொழிலாளர்க்கோ அரசு மருத்துவமனைக் கட்டணமும் மிகுதி. ஒரு காலத்தில் நம் முன்னோர் நின்ற இடத்திலேயே இன்று அவர்கள் நிற்கின்றனர். ஆகவே, தோட்ட மருத்துவ வரலாற்றை ஓர் இனத்தின் கடந்தகாலமாக மட்டும் அன்றி, இன்னும் முடிவுறாத உரிமை வரலாறாகவும் ஆய்தல் வேண்டும் என்பது நம் கருத்தாகும்.